மூழ்கிய கண்டமும் நகர்ந்த கண்டங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் புவிச்சரிதவியலாளர் பூமியின் வரலாற்றை மேலும் கீழுமான இயக்கத்தின் வரலாறாகவே கண்டனர். நிலம் உயரலாம், நிலம் தாழலாம், கடல் நிலமாகலாம், நிலம் கடலாகலாம். ஆனால் ஒரு கண்டம் தான் இருந்த இடத்தை விட்டுப் பக்கவாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நகரக்கூடும் என்பதை அவர்களுட் பெரும்பாலோர் எண்ணியும் பார்த்திலர். இந்த ஒரு நம்பிக்கை அவர்களை எத்தகைய முடிவுகளுக்கு இட்டுச் சென்றது என்பதும், அது எவ்வாறு தகர்ந்தது என்பதும் விஞ்ஞான வரலாற்றில் ஊன்றிக் கற்கத்தக்க பகுதிகளாகும். தமிழருக்கு அதிற் சிறப்பான ஓர் அக்கறையும் உண்டு. ஏனெனில் அந்நம்பிக்கையின் வழித்தோன்றலாகிய 'இலெமூரியா' என்னும் பெயர், அதனைப் படைத்த விஞ்ஞானம் கைவிட்ட பின்னரும், நம்மிடையே இன்றும் வழங்கி வருகின்றது.

அப்பெயரைச் சூட்டியவர் பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலாளர். மடகாஸ்கரின் முலையூட்டிகள் பற்றி 1864ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை ஒரு புதிரை முன்வைத்தது. இலெமூர் எனப்படும் விலங்குகள் மடகாஸ்கரில் மிகுந்து காணப்படுகின்றன. அண்மையிலுள்ள ஆபிரிக்காவில் அவற்றின் உறவினங்கள் சிலவே. கடலுக்கு அப்பால் இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் வேறு சில உறவினங்கள் வாழ்கின்றன. நம் காடுகளிலுள்ள தேவாங்கு அவற்றுள் ஒன்று. பெருங்கடலை நீந்திக் கடக்கவியலாத இவ்விலங்குகள் இந்து சமுத்திரத்தின் இரு புறங்களிலும் எவ்வாறு குடியேறின? கண்டங்கள் நகரா எனக் கொண்டோர்க்கு இயல்பாகத் தோன்றிய விடை ஒன்றே: இடையே ஒரு பெருநிலம் இருந்திருத்தல் வேண்டும், அது பின்னர் சிதைந்து கடலுள் மறைந்திருத்தல் வேண்டும். அந்நிலத்திற்கே ஸ்கிளேற்றர் இலெமூரியா எனப் பெயரிட்டார். ஜேர்மனிய உயிரியலாளரான ஏர்ண்ஸ்ற் ஹெக்கல் இன்னும் ஒருபடி மேற்சென்று, மனித குலத்தின் பிறப்பிடமே அம்மூழ்கிய கண்டமாக இருக்கலாம் என்றார்.

இக்கருத்துத் தமிழறிஞரை எட்டியபோது அதனை வரவேற்க ஒரு மரபு ஆயத்தமாக இருந்தது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டமை பற்றிச் சிலப்பதிகாரம் பேசுகின்றது. கடல்கோளுக்கு உட்பட்ட சங்கங்களைப் பற்றி இறையனார் களவியலுரை கூறுகின்றது. மூழ்கிய நாடுகள் நாற்பத்தொன்பது என அடியார்க்குநல்லார் கணக்கிடுகின்றார். இவையும் இலெமூரியாவும் இணைந்து குமரிக்கண்டக் கொள்கை உருவாயிற்று. உரையாசிரியர் உரைத்ததை மேனாட்டு விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டது என்னும் மனநிறைவு அதற்குப் பெருவலு அளித்தது. எனவே அந்த விஞ்ஞானம் பின்னர் என்னவாயிற்று என வினவுதல் நம் கடனாகின்றது.

இலெமூரியாக் கருதுகோள் தோன்றிய காலத்திலேயே அதனை இறுதியில் வீழ்த்தவிருந்த சான்றுகளும் திரளத் தொடங்கிவிட்டன. 1856ஆம் ஆண்டில் பிளான்போட் சகோதரரும் அவர்தம் தோழரும் ஒரிசாவின் தால்ச்சீர்ப் பகுதியிற் கண்ட கற்படுக்கை பனிக்கட்டியின் செயலால் விளைந்தது என முடிவு செய்தனர். வெப்பவலயத்தில் அமைந்த இந்தியாவிற் பனிப்பாளமா என்னும் வியப்பு எழுந்தது. பின்னர் தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, தென்னமெரிக்கா ஆகியவற்றிலும் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்தகைய படிவுகள் கண்டறியப்பட்டன. அவற்றின் மேலமைந்த படைகளிலோ குளோசொப்ரெரிஸ் என்னும் நாக்குவடிவ இலைத் தாவரத்தின் உயிர்ச்சுவடுகள் எங்கும் ஒருபடித்தாகக் காணப்பட்டன. மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நிலப்பகுதியின் பெயரால் இப்பாறைத் தொகுதி கோண்டுவானா எனப்பட்டது. ஒஸ்திரியப் புவிச்சரிதவியலாளரான எட்வேட் சூயஸ் 1885இல் இந்நிலங்களை ஒன்றாக இணைத்துக் கோண்டுவானாலாந்து எனப் பெயரிட்டார். எனினும் அவரும் இடைப்பட்ட பகுதிகள் கடலுள் அமிழ்ந்தன என்றே கருதினார்.

இக்கருத்திலிருந்து துணிந்து விலகியவர் அல்பிரட் வெக்கனர். அவர் புவிச்சரிதவியலாளரல்லர், வானியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று வளிமண்டலவியலில் ஈடுபட்ட ஜேர்மனியர். 1912ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் பிராங்பேட் நகரில் நிகழ்த்திய உரையிலும், 1915இல் வெளியிட்ட நூலிலும் கண்டநகர்வுக் கொள்கையை அவர் எடுத்துரைத்தார். தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆபிரிக்காவின் மேற்குக் கரையும் பொருந்துவதை மட்டும் அவர் சான்றாகக் கொள்ளவில்லை. அப்பொருத்தத்தைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஒட்டீலியஸ் குறிப்பிட்டிருந்தார். கிழிந்த செய்தித்தாளின் துண்டுகளை விளிம்பு பொருந்த வைத்தபின், அச்சிட்ட வரிகளும் ஒன்றோடொன்று தொடர்கின்றனவா எனப் பார்ப்பதே வெக்கனரின் முறை. மலைத்தொடர்கள் தொடர்ந்தன, பாறைத் தொகுதிகள் தொடர்ந்தன, மெசோசோரஸ் என்னும் சிற்றூர்வனத்தின் எச்சங்கள் பிரேசிலிலும் தென்னாபிரிக்காவிலும் கிடைத்தன. நிலங்களைத் தென்துருவத்தைச் சூழ ஒன்றுசேர்த்து நோக்கின், சிதறிக் கிடந்த பனிப்படிவுகள் ஒரே பனிப்பாளத்தின் அடையாளங்களாயின.

இவற்றினும் ஆழமானது மூழ்கிய கண்டங்களுக்கு எதிராக அவர் முன்வைத்த வாதம். கண்டங்கள் கருங்கல்லை ஒத்த இலேசான பாறைகளால் ஆனவை. கடற்றளம் பாரமான எரிமலைப்பாறையால் ஆனது. அடர்த்தி மிக்க கீழ்ப்படையின் மேல் இலேசான கண்டம், நீரின் மேல் மரக்கட்டை போன்று, சமநிலையில் நிற்கின்றது. மரக்கட்டை பிளக்கலாம், விலகிச் செல்லலாம். தானாக அடியில் அமிழாது. ஆகவே இரு கரைகளிலும் ஒரே உயிரினம் இருந்ததெனின், இடையிலிருந்த நிலம் அழிந்ததன்று, கரைகளே விலகின.

வெக்கனர் உரையாற்றிய அடுத்த மாதமே, அவரை அறியாத சிலர் அவருக்கான ஒரு சான்றைச் சுமந்து நடந்துகொண்டிருந்தனர். தென்துருவத்திலிருந்து மீண்ட ஸ்கொற்றின் குழுவினர் 1912 பெப்ரவரியிற் பியட்மோர்ப் பனிக்கட்டியாற்றின் அருகே கற்களைத் திரட்டினர். பசியாலும் குளிராலும் நலிந்து மடியும் வரை ஏறத்தாழ 16 கிலோகிராம் நிறையுடைய அக்கற்களை அவர்கள் எறிந்துவிடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் உடல்களுடன் அவையும் கண்டெடுக்கப்பட்டன. அவற்றிற் குளோசொப்ரெரிஸ் இலைகள் இருந்ததைத் தாவரவியலாளர் சீவாட் 1914இல் உறுதிப்படுத்தினார். பனி மூடிய அந்தாட்டிக்காவும் கோண்டுவானாவின் ஒரு பாகமே என்பது இதனாற் புலனாயிற்று.

இத்தனை இருந்தும் வெக்கனரின் கொள்கை ஏற்கப்படவில்லை. இதனை வெறும் பிடிவாதம் எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. கண்டங்களை நகர்த்துவதாக அவர் காட்டிய விசைகள், புவிச் சுழற்சியாலும் வற்றுப்பெருக்காலும் விளைவன, அப்பணிக்கு முற்றிலும் போதாதவை எனப் பௌதிகவியலாளர் ஹரல்ட் ஜெப்ரீஸ் கணித்துக் காட்டினார். கிறீன்லாந்து ஆண்டுக்குப் பல மீற்றர் நகர்கின்றது என்ற வெக்கனரின் அளவீடும் பிழையானது. நிகழ்ந்தது என்பதற்குச் சான்று இருந்தது. நிகழ்ந்தவாற்றுக்கு விளக்கம் இல்லை. 1930 நவம்பரில் வெக்கனர் கிறீன்லாந்துப் பனிவெளியில் மாண்டபோது அவர் கொள்கையைப் போற்றியோர் ஒரு சிலரே. அவருள் தென்னாபிரிக்கரான டூ ரொயிற் இரு கண்டங்களிலும் நடந்து பாறைகளை ஒப்பிட்டு 1937இல் விரிந்த நூலொன்றை எழுதினார். பிரித்தானியரான ஆதர் ஹோம்ஸ், பூமியின் உட்பகுதியிற் கதிர்த்தொழிற்பாட்டால் விளையும் வெப்பம் மெதுவான மேற்காவுகை ஓட்டங்களை உண்டாக்கிக் கண்டங்களைச் சுமந்து செல்லும் என விளக்கினார்.

வழக்கைத் தீர்த்துவைத்த புதிய சான்றுகள் இரண்டாம் உலகப்போரின் பின்னரே கிடைத்தன. எரிமலைக்குழம்பு இறுகும்போது அதிலுள்ள இரும்புக் கனியங்கள் அவ்வேளையிலுள்ள புவிக்காந்தப் புலத்தின் திசையைப் பதிந்துகொள்கின்றன. அப்பதிவின் சாய்வு, பாறை தோன்றிய அகலக்கோட்டை அறிவிக்கும். தக்காணத்து எரிமலைப்பாறைகளை 1950களில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பிளாக்கெற்றின் குழுவினர் ஆராய்ந்தபோது, அவை புவிநடுக்கோட்டுக்குத் தெற்கே இறுகியவை என்பது தெரிந்தது. இந்தியா நகர்ந்ததற்கு இந்தியக் கல்லே சாட்சியாயிற்று.

இறுதிச் சாட்சி கடலடியிலிருந்து வந்தது. சமுத்திரங்களின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதை 1950களின் தொடக்கத்தில் மேரி தார்ப் வரைபடத்திற் கண்டார். அப்பிளவிலிருந்து புதிய கடற்றளம் பிறந்து இருபுறமும் விலகுகின்றது என ஹரி ஹெஸ் 1962இல் எழுதினார். இதனைச் சோதிக்கும் வழியை 1963இல் பிரெட் வைன், டிரமண்ட் மத்தியூஸ் ஆகிய இருவரும் காட்டினர். புவிக்காந்தப் புலம் காலந்தோறும் வடக்குத் தெற்காக மாறுவதால், விலகிச் செல்லும் தளத்தில் அம்மாற்றங்கள் வரிவரியாகப் பதிந்திருத்தல் வேண்டும் என்பது அவர்தம் வாதம். அவர்கள் ஆராய்ந்த அளவீடுகள் 1962இல் இந்து சமுத்திரத்தின் காள்ஸ்பேர்க் மலைத்தொடர் மீது பெறப்பட்டவை. இலெமூரியா கிடப்பதாகக் கருதப்பட்ட அதே கடலின் அடியிலிருந்தே அதனை மறுக்கும் சான்று எழுந்தமை ஈண்டு நோக்கற்பாலது. இதே கருத்தைத் தனித்து எய்திய கனேடியரான மோர்லியின் கட்டுரையை இரு சஞ்சிகைகள் ஏற்க மறுத்தன என்பதும் மறக்கத்தக்கதன்று.

அதன்பின் சான்றுகள் விரைந்து குவிந்தன. 1965இல் புல்லாட்டும் அவர்தம் துணைவரும் கணினியின் உதவியால் அத்திலாந்திக்கின் இரு கரைகளையும் கண்டமேடையின் விளிம்பிற் பொருத்திக் காட்டினர். 1968இன் இறுதியிற் 'குளோமர் சலஞ்சர்' கப்பல் தென் அத்திலாந்திக்கிற் துளையிட்டபோது, நடுமலைத்தொடரிலிருந்து விலக விலகத் தளத்தின் வயது கூடியமை நிறுவப்பட்டது. 1969இல் இலிஸ்ரோசோரஸ் என்னும் நிலவாழ் விலங்கின் எலும்புகள் அந்தாட்டிக்காவில் அகப்பட்டன. அவ்விலங்கு இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் முன்னரே அறியப்பட்டது. இன்று செய்மதிகளின் துணையால் நகர்வே நேரில் அளக்கப்படுகின்றது. அத்திலாந்திக் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் விரிகின்றது.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு. நமது மத்திய மலைநாட்டுப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கோண்டுவானா ஒன்றுசேர்ந்த காலத்திற் கடும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. அவற்றை ஒத்த பாறைகள் தென்னிந்தியாவிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அந்தாட்டிக்காவின் லுற்சோ ஹொல்ம் குடாப் பகுதியிலும் உள்ளன. புத்தளத்தை அடுத்த தப்போவவிற் கிடைத்த யுராசிக் காலத் தாவரச் சுவடுகள் 1922இல் விவரிக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்த இருவருள் ஒருவர், ஸ்கொற்றின் கற்களை ஆராய்ந்த அதே சீவாட் ஆவர். இந்தியாவும் இலங்கையும் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தாட்டிக்காவிலிருந்தும், 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிலிருந்தும் விலகி வடக்கே சென்றன. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவுடன் மோதத் தொடங்கியதன் விளைவே இமயம்.

எனின், ஸ்கிளேற்றரின் புதிருக்குக் கண்டநகர்வு விடையளித்ததா? இல்லை என்பதே வியப்பு. இலெமூர்களின் மூதாதையர் மடகாஸ்கரை அடைந்தது அத்தீவு தனித்துப் பல கோடி ஆண்டுகள் கழிந்த பின்னரே. ஆபிரிக்காவிலிருந்து வெள்ளம் அடித்துச் சென்ற தாவரத் திரள்களில் மிதந்து அவை கடல் கடந்திருத்தல் வேண்டும் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. ஆகவே இலெமூரியாவைப் படைத்த தேவையே இல்லாதொழிந்தது.

இனி, நம் இலக்கியம் கூறும் கடல்கோளை என்செய்வது? அதனை வேறாக வைத்து ஆராய்தல் வேண்டும். சிசெல்சின் கருங்கற் பாறைகள் போன்ற கண்டச் சிதறல்கள் சில இந்து சமுத்திரத்தில் உளவேனும், கண்டமொன்று மனிதர் காலத்தில் அதில் மூழ்கியதில்லை. ஆனால் கடல்மட்டம் உயர்ந்தது உண்மை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் அது இன்றையதினும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை அன்று நிலம். இலங்கையும் இந்தியாவும் ஒன்று. பின்னர் பனி உருகக் கடல் ஏறிற்று. கரையோர ஊர்களைக் கடல் கொள்ளுதலும் ஆழிப்பேரலை அழித்தலும் வரலாற்றுக் காலத்திலும் நிகழ்ந்தவை. 2004 திசம்பர் 26ஐ நம் கிழக்குக் கரை மறவாது. அத்தகைய அழிவுகளின் நினைவு செய்யுளிலும் உரையிலும் படிந்திருத்தல் கூடும். அதனை ஆராயக் கரையோர அகழாய்வும் கடலடி ஆய்வும் வேண்டும்; இலெமூரியா வேண்டியதில்லை.

தமிழின் தொன்மை கல்வெட்டிலும் அகழாய்விலும் இலக்கியத்திலும் தக்க சான்றுகளைக் கொண்டது. ஸ்கிளேற்றரின் கருதுகோள் அவர் காலத்துக்கு ஏற்ற நேரிய முயற்சியே. சான்று மாறியபோது அவர் வழிவந்த விஞ்ஞானிகள் அதனை விட்டனர். விஞ்ஞானத்தின் பெயரால் அதனை ஏற்ற நாம், அதே விஞ்ஞானத்தின் பெயரால் அதனை விடுதலே முறை. பல்கலைக்கழகத்திற் பயிலும் தமிழ் மாணவர் இதிற் பின்னிற்பின், வேறெவர் முன்வருவர்?