முன்பனியும் மிதிவண்டியும்: பெண்ணாடம் வட்டாரத்துக் குளிராடைகளின் வரலாறு

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த பழந்தமிழர் மார்கழியையும் தையையும் முன்பனிக்கும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக்கும் உரியவையாக்கினர். சமவெளியைப் பொறுத்தவரை இப்பெயர்களில் உள்ள பனி உறைபனியன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்தபின், பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவெல்லாம் தடையின்றி வெளிவிட, அதனால் குளிர்ந்த இலையிலும் வைக்கோலிலும் காற்றின் ஈரம் படிந்து உருவாகும் நீர்த்துளியே அது. வெள்ளாற்றுப் படுகையில், விருத்தாசலத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் அமைந்த பெண்ணாடம் இத்தகைய பனியை ஆண்டுதோறும் காணும் ஊர். சம்பா வயல்கள் அறுவடைக்கு நிற்கும் வாரங்களில், பிரளயகாலேஸ்வரர் கோயில் விமானத்தின் அடிப்பகுதி விடியற்காலை மூட்டத்தில் மறைவதும் உண்டு. ஆயினும் கடலூர் மாவட்டத்தில் சனவரி மாதத்து விடியற்காலை வெப்பநிலை பொதுவாக 20 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கிறது. சில நாள்களில் அதைவிடச் சற்றுக் கீழே இறங்கும். ஐரோப்பிய அளவுகோலில் இது குளிரே அன்று. நின்றுகொண்டிருப்பவருக்கு இதமான இந்தக் காற்று, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் மிதிவண்டியில் செல்பவரின் காதையும் மார்பையும் தாக்கும்போது வேறொன்றாகிறது. அதை எதிர்கொள்ள இவ்வட்டார மக்கள் எவற்றை உடுத்தினர், அவற்றுள் எது நிலைத்தது, எது பிற்காலத்தில் வந்து இடம்பிடித்தது என்பது உடை வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பகுதியாகும்.

மிதிவண்டி வருமுன்னரே குளிருக்கும் ஈரத்துக்கும் மூன்று காப்புகள் வழக்கில் இருந்தன. முதலாவது கம்பளி. தமிழகத்தின் வடமேற்குப் பகுதிகளிலும் தக்காணத்திலும் ஆடு வளர்த்த குறும்பர்கள் கருநிற ஆட்டுமயிரை நூற்று, கைத்தறியில் முரட்டுக் கம்பளியாக நெய்தனர். புளியங்கொட்டைப் பசை ஏற்றப்பட்ட அத்துணி தூறலை உடனே உறிஞ்சாமல் வழியவிட்டது. ஆட்டுக்கிடை காப்போருக்கும் இரவுக் காவலருக்கும் அது வீடாகவே இருந்தது என்றாலும், உழவர் இல்லங்களில் அது எளிதாகக் கிடைத்த பொருளன்று. இரண்டாவது கொங்காணி. கோணிப்பையின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் செருகி, கூம்புபோல் தலையில் கவிழ்த்துக்கொண்டால், அது உச்சந்தலை முதல் இடுப்பு வரை முதுகை மூடி, முன்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் திறந்துவிடும். நடவு வயலில் குனிந்து நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான மழைக்காப்பு அக்காலத்தில் இல்லை. மூன்றாவது, எல்லாரிடமும் இருந்த துண்டு. தோளில் கிடக்கும் அப்பருத்தித் துணி வெயிலுக்கு முண்டாசாகவும், பனிக்குக் காதை மூடி முகவாய்க்கீழ் முடியும் கட்டாகவும், உட்காரும்போது விரிப்பாகவும் பயன்பட்டது.

பனி மேலிருந்து இறங்குகிறது, அது உச்சந்தலையில் பட்டால் நீர் கோத்துக்கொள்ளும், காது வழியே குளிர் உள்ளே புகும் என்னும் நம்பிக்கைகள் இக்காப்புகளுக்கு அடிப்படையாக இருந்தன. பனித்துளி வானிலிருந்து விழுவதில்லை, குளிர்ந்த பரப்புகளின் மேலேயே உருவாகிறது என்பதை வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர் 1814இல் வெளியிட்ட நூலில் சோதனைகளுடன் நிறுவினார். விளக்கம் பிழையானாலும் பழக்கம் பிழையன்று. காதுமடலில் தசையும் கொழுப்பும் அரிதாகையால், வீசும் காற்றில் உடலின் பிற பகுதிகளைவிட அது விரைந்து குளிர்கிறது, ஆகவே முதலில் மூடவேண்டிய இடமும் அதுவே.

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் குறுக்குவழி இருப்புப்பாதை, மக்கள் வழக்கில் கார்டு லைன், 1920களின் இறுதியில் திறக்கப்பட்டது. பெண்ணாடம் அதில் ஒரு நிலையமாயிற்று. தொடர்வண்டி நேரத்துக்கு ஊர்களிலிருந்து நிலையத்தை அடையவேண்டிய தேவை பிறந்த காலத்தில் மிதிவண்டி இன்னும் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாகும் விலைமிகுந்த பொருளாகவே இருந்தது. விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளை உருவாக்கலாயிற்று. ஆசன்சாலில் சென்-ராலே, சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ என 1950களில் ஆலைகள் பெருகின. சிற்றூர்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடைகள் தோன்றியபின், வண்டி வாங்க இயலாதவரும் அதை ஓட்டலாயினர். வைகறையில் முதலில் சாலைக்கு வந்தவர்கள் கேரியரின் இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்ட பால்காரர்கள். அடுத்து, தொடர்வண்டியில் வந்திறங்கும் நாளிதழ்க் கட்டுகளைப் பிரித்துப் போடுவோர், காய்கறிக்காரர், முதல் பணிமுறைக்குச் செல்வோர். இறையூர்ச் சர்க்கரை ஆலையின் அரவைப் பருவமும் கரும்பு வெட்டும் குளிர்காலத்தைத் தழுவியே அமைந்ததால், ஆண்டின் மிகக் குளிர்ந்த வாரங்களே இப்பகுதிச் சாலைகளில் விடியற்காலைப் போக்குவரத்து மிகுந்த வாரங்களாகவும் இருந்தன.

மிதிவண்டியில் செல்பவரின் குளிர், நடப்பவரின் குளிரிலிருந்தும் எந்திர வண்டியில் அமர்ந்து செல்பவரின் குளிரிலிருந்தும் இயல்பிலேயே வேறுபட்டது. ஓய்ந்திருக்கும் மனித உடல் சுமார் நூறு வாட் அளவு வெப்பத்தை வெளிவிடுகிறது. மிதிக்கும்போதோ, கால்கள் மிதிகட்டைக்குத் தரும் ஆற்றலைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத ஆற்றல் வெப்பமாக வெளிப்படுகிறது. ஆகவே வண்டி ஓட்டுபவர் முன்புறம் காற்றால் குளிர்ந்துகொண்டும் முதுகுப்புறம் உழைப்பால் வியர்த்துக்கொண்டும் இருக்கிறார். முதல் பத்து நிமிடம் நடுங்குபவர் அதன்பின் புழுங்குகிறார். வண்டியை நிறுத்தி இறங்கியதும், ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு உடலிலிருந்து சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ள, நனைந்த சட்டையுடன் மீண்டும் நடுங்குகிறார். குளிராடை இந்த மூன்று நிலைகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். கனமான ஒரே ஆடை முதல் நிலைக்கு மட்டுமே உதவும்.

மேலைநாட்டு மிதிவண்டிக்காரர்கள் இச்சிக்கலைத் தீர்க்க எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. 1878இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டு, பின்னர் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் எனப் பெயர் மாறிய அமைப்பின் உறுப்பினர்கள் கம்பளிச் சீருடை அணிந்தனர். ஸ்டுட்கார்ட் நகரத்துப் பேராசிரியர் குஸ்டாவ் யேகர் உடலை ஒட்டி விலங்கு மயிராடையே அணியவேண்டும் என வாதிட்டார். அவர் கொள்கையின்படி 1884இல் இலண்டனில் தொடங்கப்பட்ட கடை, மிதிவண்டி மோகம் பரவிய அந்த ஆண்டுகளில் செழித்தது. யேகர் கூறிய உடலியல் காரணங்கள் பல பின்னர் கைவிடப்பட்டன. ஆனால் ஈரத்தைத் தன் இழைக்குள் வாங்கியும் கதகதப்பை இழக்காத கம்பளியின் இயல்பு உண்மையானது. மழைக்கு அவர்கள் அணிந்த கேப் என்னும் தோள்போர்வை கழுத்தில் மாட்டி, ஹேண்டில்பாரின் மேல் விரிந்து, கீழே முழுவதும் திறந்திருந்தது. நீர் மேலே வழியவும் வியர்வையாவி கீழே வெளியேறவும் அதில் வழி இருந்தது. தென்னார்க்காட்டு உழவரின் கோணிக் கொங்காணியும் இதே விதியின்படி அமைந்தது என்பதையும், முன்னது கடையில் விற்கப்பட்டுப் படங்களில் இடம்பெற, பின்னது வறுமையின் அடையாளமாக மட்டுமே பார்க்கப்பட்டது என்பதையும் இங்குச் சேர்த்தே கருதவேண்டும். ஐரோப்பியப் பந்தய வீரர்கள் மலையுச்சியை அடைந்ததும் ஒரு நாளிதழை வாங்கிச் சட்டைக்குள் மார்பின்மேல் செருகிக்கொண்டு இறங்குவதும் நெடுங்கால வழக்கம். காகிதம் காற்றைத் தடுத்தது, அடிவாரத்தில் எறிந்துவிடவும் முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வனுபவங்கள் மூன்றடுக்கு முறையாக வகுக்கப்பட்டன. உடலை ஒட்டிய அடியாடை வியர்வையைத் தோலிலிருந்து அகற்றும். நடுவாடை அசையாத காற்றைத் தன் இழைகளிடையே சிறைப்பிடித்து வெப்பம் காக்கும். மேலாடை வீசும் காற்றையும் மழையையும் தடுக்கும். 1969இல் ராபர்ட் கோர் கண்டறிந்து 1976 முதல் விற்பனைக்கு வந்த கோர்-டெக்ஸ், நீர்த்துளியைத் தடுத்து ஆவியை வெளிவிடும் நுண்துளைப் படலத்தைத் தந்தது. 1979இல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் உருவாக்கிய பாலியெஸ்டர் ஃபிளீஸ், எடை குறைந்த நடுவாடையாகக் கம்பளிக்குப் போட்டியானது.

பெண்ணாடத்துப் பால்காரரிடம் இம்மூன்றில் முதலாவது எப்போதோ வந்துவிட்டிருந்தது. 1920களில் திருப்பூரில் வேரூன்றத் தொடங்கிய பின்னலாடைத் தொழிலின் பருத்திப் பனியன், நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆடவரின் அன்றாட உள்ளாடையாகப் பரவியது. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், எளிதில் விடாது. உறைபனி நாட்டில் இது இடர் தரும் குறையாகும், 20 டிகிரியில் சிறு தொல்லை மட்டுமே. இரண்டாவதும் மூன்றாவதுமான அடுக்குகளின் வேலையைத் துண்டே பார்த்தது. புறப்படும்போது காதையும் கழுத்தையும் சுற்றி நுனிகள் மார்பில் தொங்க இருக்கும் அது, உடல் சூடேறியதும் அவிழ்ந்து தோளுக்கு வரும், வியர்வை துடைக்கும், டீக்கடையில் இறங்கியதும் முதுகைப் போர்த்தும். வண்டியை நிறுத்தாமல் ஒரு கையால் இம்மாற்றங்களைச் செய்யலாம் என்பது பொத்தானும் ஜிப்பும் வைத்த எந்த ஆடைக்கும் இல்லாத வசதி. இவ்வட்டாரத்தில் மிதிவண்டிக்காரர் நெடுங்காலம் மேலங்கி இன்றியே ஓட்டியதற்கு வறுமையை மட்டும் காரணம் காட்டுவது போதாது. அவருடைய பனிக்கும் வேகத்துக்கும் துண்டு போதுமானதாக, பல நேரங்களில் மேலானதாகவே இருந்தது.

துண்டின் இடத்தை மெல்லப் பங்கிட்டுக்கொண்டவை மஃப்ளரும் மங்கி குல்லாவும் ஸ்வெட்டரும். கண்ணும் மூக்கும் மட்டும் தெரியத் தலையையும் கழுத்தையும் மூடும் மங்கி குல்லா, 1854இல் கிரிமியப் போர் நடந்த பாலக்லாவா என்னும் ஊரின் பெயரால் ஆங்கிலேயரிடம் வழங்கியது. பின்னல் கம்பளி உடைகள் இந்தியச் சந்தைக்குப் பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சம் தாங்காமல் அங்குக் குடியேறிய காஷ்மீர் சால்வை நெசவாளரின் கைத்திறனே அந்நகரத்துக் கம்பளித் தொழிலுக்கு வித்திட்டது. மிதிவண்டியையும் ஸ்வெட்டரையும் ஒரே பஞ்சாப் நகரம் பேரளவில் உருவாக்கி நாடெங்கும் அனுப்பியது தற்செயலே ஆயினும் குறிப்பிடத்தக்கது. 1959க்குப் பின் இந்தியாவில் தஞ்சமடைந்த திபெத்தியர்கள் இப்பின்னலாடைகளைக் கொள்முதல் செய்து குளிர்காலத்தில் நகரத்து நடைபாதைகளில் விற்றனர். சமவெளிச் சிற்றூரில் ஸ்வெட்டர் உழைப்பவரின் உடையாக ஆகவில்லை. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உரியதாக, திருவெம்பாவை பாடலுக்கு விடியுமுன் கோயில் செல்வோரின் உடையாகவே நின்றது. கேன் சுமந்து மிதிப்பவர் அதை அணிந்தால் அடுத்த ஊர் எல்லைக்குள் கழற்றவேண்டியிருக்கும்.

திருப்பத்தை உண்டாக்கியது மிதிவண்டி அன்று, மொபெட். 1980இல் ஒசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 சில ஆண்டுகளிலேயே பால்காரரின் வண்டியாயிற்று. வேகம் இரட்டித்தது, உழைப்பு நின்றது. ஓட்டுபவரின் உடல் இப்போது வெப்பத்தை ஆக்காமல் இழக்க மட்டுமே செய்தது. காற்று வேகம் கூடும்தோறும் உடல் வெப்பம் விரைந்து குறைவதை 1940களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில் அளந்த பால் சைப்பிள், சார்லஸ் பாசல் ஆகியோர், நீர் உறையும் நேரத்தைக் கணக்கிட்டுத் தம் முடிவுகளை 1945இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த கடுங்குளிர் இங்கில்லை என்றாலும், காதில் துண்டு கட்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்வது இயலாது என்பதை அறிய ஆய்வு தேவைப்படவில்லை. காற்றுப் புகாத செயற்கையிழை மேலாடையான ஜெர்கின் இந்த இடத்தில்தான் நுழைந்தது. நகரத்து நடைபாதைகளிலும் சந்தைகளிலும் மலிவாகக் கிடைத்த அது, இருசக்கர வண்டிக்கு மிகப் பொருந்தியது, மிதிவண்டிக்குப் பொருந்தவில்லை. ஆவி வெளியேற வழியில்லாத அவ்வுடையின் உட்புறம், மிதிப்பவரின் வியர்வையால் அரைமணிக்குள் நனைந்துவிடும். ஆயினும் சிறுவர் உட்படப் பலர் அதை மிதிவண்டியிலும் அணியலாயினர். இது வெப்பவியலைவிட மதிப்பு சார்ந்த தேர்வு என்றே கொள்ளவேண்டும்.

பள்ளி மாணவிகளின் வழி இதிலிருந்து தனித்தது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிவான இலவச மிதிவண்டித் திட்டம், சிற்றூர்ச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டும் பெண்களைப் பெருந்தொகையில் கொண்டுவந்தது. தனிவகுப்புக்கு விடியலில் புறப்படும் அவர்கள் சுடிதாரின் துப்பட்டாவைத் தலையையும் காதையும் சுற்றிப் பின்கழுத்தில் முடிந்துகொண்டனர். வெயில் ஏறியதும் அது தோளுக்குத் திரும்பியது. அரசின் பார்வையில் குளிர் மலைக்கு உரியது. விலையில்லாக் கம்பளிச் சட்டை மலைப்பகுதிப் பள்ளிகளுக்கே வழங்கப்படுகிறது.

மூன்றடுக்கு முறை தன் முழுப்பொருளில் தமிழகத்தில் பயன்படும் இடமும் மலையே. கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்றே உயர்ந்த மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டாயிரத்து இருநூறு மீட்டரைத் தாண்டிய உதகமண்டலம் வரை மிதித்தேறுபவர், வியர்வையில் நனைந்த உடலுடன், சனவரியில் உறைபனி விழும் ஊரை அடைகிறார். அங்கிருந்து மிதிக்காமலே கீழிறங்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடல் வெப்பம் ஆக்காது, காற்றோ நிற்காது. ஏறும்போது பையில் மடிந்துகிடந்து இறங்கும்போது மட்டும் விரியும் மெல்லிய காற்றுத்தடுப்பு மேலாடையை அண்மைக் காலத்தில் கியர் சைக்கிள் பயணிகள் விலைகொடுத்து வாங்குகின்றனர். அது கிடைக்காதவர் குன்னூர்ச் சாலையோரக் கடையில் ஒரு நாளிதழ் வாங்கி மார்பில் செருகிக்கொண்டாலும் மேட்டுப்பாளையம் வரை தாங்கும்.