கொள்ளைநோய் வகுத்த தலைநகர்

ஆர்ஜென்டீனா நாட்டின் தலைநகராகிய புவெனஸ் அயர்ஸ், லா பிளாட்டா ஆற்றின் தென்கரையில், ஆறோ கடலோ என ஐயுறத்தக்க அகன்ற நீர்ப்பரப்பை நோக்கி அமைந்த மாநகரமாகும். ஸ்பானிய மொழியில் இப்பெயருக்கு 'நல்ல காற்று' என்பது பொருள். பாய்மரக் கப்பல்களுக்குச் சாதகமான காற்றை அருள்பவள் என மாலுமிகள் போற்றிய மாதாவின் பெயரால், 1536 ஆம் ஆண்டில் பெதுரோ தெ மெண்டோசா என்னும் ஸ்பானியத் தலைவன் இங்கு முதற் குடியேற்றத்தை நிறுவினான். பசியினாலும் பழங்குடி மக்களின் எதிர்ப்பினாலும் அது நிலைபெறாது 1541 இல் கைவிடப்பட்டது. 1580 இல் ஹுவான் தெ கராய் என்பவன் மீண்டும் நிறுவிய சிற்றூரே வளர்ந்து இன்றைய மாநகரமாயிற்று.

இந்நகரைக் காணவரும் உல்லாசப் பிரயாணிகள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காகச் செல்வர். தெற்கே லா போக்காவில் வண்ணத் தகர வீடுகளையும், அதனை அடுத்த சான் டெல்மோவில் கல் பாவிய ஒடுங்கிய வீதிகளையும் காண்பர். நடுவே மே சதுக்கம் இருக்கின்றது. வடக்கே ரெக்கொலேட்டாவில் பளிங்குக் கல்லறைகளும் பிரெஞ்சுப் பாணி மாளிகைகளும், அதற்கும் அப்பால் பலேர்மோவில் பரந்த பூங்காக்களும் உள்ளன. சில மைல் தூரத்துள் வறுமையின் அழகு ஒருபுறமும் செல்வத்தின் அழகு மறுபுறமுமாக நகர் பிரிந்து நிற்பதைப் பார்ப்பவர், அஃது இயல்பாக நேர்ந்த பிரிவு என எண்ணக்கூடும். ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நகரின் அமைப்பு இதற்கு நேர்மாறாக இருந்தது.

அக்காலத்தில் நகரின் இதயமாக விளங்கியது மே சதுக்கமும் அதன் சுற்றாடலுமே. 1810 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆந் திகதி, ஸ்பானிய அரசப் பிரதிநிதியின் ஆட்சியை நீக்கி மக்கள் தமது ஆட்சிக் குழுவை அமைத்த நிகழ்ச்சியின் நினைவாகவே அச்சதுக்கம் அப்பெயர் பெற்றது. பழைய நகரசபை மண்டபமும், நாட்டின் விடுதலைத் தளபதி சான் மார்ட்டீன் துயிலும் பேராலயமும், இளஞ்சிவப்பு நிறத்து ஜனாதிபதி மாளிகையும் அதனைச் சூழ்ந்துள்ளன. 1977 ஆம் ஆண்டு முதல், இராணுவ ஆட்சியில் காணாமற்போன தம் மக்களைக் கேட்டு, வெண்ணிற முக்காடு அணிந்த தாய்மார் வலம்வந்ததும் இச்சதுக்கத்திலேதான். இச்சதுக்கத்துக்குத் தெற்கேயுள்ள சான் டெல்மோப் பகுதியிலேதான் பழங்குடும்பத்துச் செல்வந்தர் வாழ்ந்தனர். முற்றங்களை நடுவே கொண்ட அவர்களுடைய நீண்ட வீடுகள் அங்கே வரிசையாக நின்றன.

இந்நிலையை மாற்றியது 1871 ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜனவரி மாத இறுதியில் சான் டெல்மோவில் மஞ்சட் காய்ச்சல் தோன்றியது. அப்போது நகரின் சனத்தொகை ஏறக்குறைய 1,80,000. அத்துணை மக்களுக்கும் முறையான கழிவுநீர்க் கால்வாய்கள் இருக்கவில்லை. மாசடைந்த கிணற்று நீரையும், நிலத்தடித் தொட்டிகளிற் சேர்த்த மழைநீரையும், வண்டியிற் கொணர்ந்து விற்கப்பட்ட ஆற்றுநீரையுமே பெரும்பாலோர் பருகினர். தெற்கெல்லையில் ஓடும் ரியாச்சுவேலோ என்னும் சிற்றாற்றில், இறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்தும் சாலைகளின் கழிவுகள் கொட்டப்பட்டன. பரகுவே நாட்டுடன் நடந்த போரிலிருந்து திரும்பிய படைவீரருடன் நோயும் வந்தது எனக் கருதப்பட்டது. வழக்கமாக நாளொன்றுக்கு இருபதுக்குக் குறைவாக இருந்த இறப்பு, ஏப்ரல் மாதத்தில் ஒரே நாளில் ஐந்நூறைக் கடந்தது. நோய் தணிந்தபோது 13,000 க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர்.

நோய் எவ்வாறு பரவுகின்றது என்பதை அன்று எவரும் அறிந்திலர். அழுகற் பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என வைத்தியர்களும் நம்பினர். நல்ல காற்றின் பெயர்கொண்ட நகரம் தன் காற்றுக்கே அஞ்சியது. வசதியுள்ளோர் நகரை விட்டு வெளியேறினர். ஜனாதிபதி சார்மியெந்தோவும் புகையிரதத்தில் வெளியேறினார். அதன்பொருட்டு அக்காலப் பத்திரிகைகள் அவரைக் கடிந்தன. வெளியேற வழியற்ற ஏழைகள் எஞ்சினர். அவர்களுடன் தம் விருப்பாலே தங்கியவர் சிலரும் இருந்தனர். மார்ச் மாதத்தில் பொதுமக்கள் கூடி ஓர் உதவிக் குழுவை அமைத்தனர். அதன் தலைவரான சட்டத்தரணி ரொக்கே பேரெஸும், உறுப்பினரான வைத்தியர் ஆர்ஹெரிச்சும் வீடு வீடாகச் சென்று நோயாளரைக் கண்டு உதவினர். இருவரும் அந்நோய்க்கே பலியாயினர். எழுபத்தைந்து வயதிலும் பணிக்கு வந்த முதுபெரும் வைத்தியர் பிரான்சிஸ்கோ முனீஸும் அவ்வாறே இறந்தார். தரையில் இறந்து கிடக்கும் தாயையும், அவள் மார்பைத் தேடும் குழந்தையையும், கதவைத் திறந்து உள்ளே நோக்கும் அவ்விரு குழுவினரையும் உருகுவே நாட்டு ஓவியர் பிளானெஸ் அதே ஆண்டில் தீட்டினார். அவ்வோவியம் இப்பொழுது மொண்டெவிடியோ நகரின் தேசிய நுண்கலைக் காட்சிசாலையில் உள்ளது.

இறந்தோரைப் புதைக்கவும் இடம் போதவில்லை. வடக்கேயிருந்த ரெக்கொலேட்டா மயானத்தில் இந்நோயால் இறந்தோரைப் புதைப்பதற்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. தெற்கு மயானமோ நிரம்பி வழிந்தது. ஆகவே நகருக்கு மேற்கே சக்கரீட்டா என்னும் இடத்தில் ஏப்ரல் மாதத்தில் அவசரமாக ஒரு மயானம் திறக்கப்பட்டது. சடலங்களைக் கொண்டுசெல்லும் பொருட்டு அவ்விடத்துக்கு ஒரு புகையிரதப் பாதையும் இடப்பட்டது. அப்பாதை கொரியெந்தெஸ் வீதியின் வழியாகச் சென்றது. இன்று அவ்வீதி நாடக அரங்குகளும் புத்தகக் கடைகளும் நிறைந்து, நள்ளிரவிலும் ஒளிவீசும் களியாட்ட வீதியாக விளங்குகின்றது. நகரின் நானூறாண்டு நினைவாக 1936 இல் எழுப்பப்பட்ட ஒபெலிஸ்கோ என்னும் வெண்தூண், 67 மீற்றர் உயரத்துக்கு மேலாக அவ்வீதியின் நடுவே நிற்கின்றது. 1930 இல் திறக்கப்பட்ட சுரங்கப் புகையிரதம் அதன் அடியில் ஓடிச் சக்கரீட்டாவை அடைகின்றது. அன்று பிணவண்டி சென்ற திசையிலேயே இன்று அலுவலர்களும் மாணவர்களும் அன்றாடம் பிரயாணம் செய்கின்றனர்.

அம்மயானங்களும் உருமாறிவிட்டன. தெற்கு மயானம் அமெகினோப் பூங்காவாகியது. சக்கரீட்டாவின் முதல் மயானம் லொஸ் அந்தெஸ் பூங்காவாகியது. அதன் அயலில் அமைந்த இன்றைய பெரு மயானத்தில், 1935 இல் விமான விபத்தில் மறைந்த டாங்கோ இசைப் பாடகர் கார்லோஸ் கார்டெல் துயில்கின்றார். அவர் சிலையின் விரலிடையே எரியும் சிகரெட்டை வைத்துச் செல்லுதல் இரசிகர் வழக்கம்.

நோய் தணிந்த பின்னர், தென்பகுதிச் செல்வந்தர் பலர் தம் பழைய வீடுகளில் நிலைத்து வாழ விரும்பவில்லை. தாழ்ந்த ஆற்றோரத்தை விட்டு, மேட்டு நிலமாகிய வடபகுதியை நாடினர். இம்மாற்றம் முழுவதற்கும் நோயொன்றே காரணம் என்பது பொருந்தாது. முன்னரே சிலர் வடக்கே செல்லத் தொடங்கியிருந்தனர். 1880 இல் நகர் கூட்டாட்சித் தலைநகரானதும், தானியமும் இறைச்சியும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகிப் பெருஞ் செல்வம் குவிந்ததும் மாளிகைகள் பெருகக் காரணங்களாயின. எனினும், மெல்ல நடந்துகொண்டிருந்ததை விரைவாக்கியது கொள்ளைநோயே. சான் மார்ட்டீன் சதுக்கத்தருகே, பத்திரிகை அதிபர் பாஸின் குடும்பத்துக்கென 1914 இல் நிறைவெய்திய பிரெஞ்சுப் பாணி மாளிகையைக் காண்பவர் அச்செல்வத்தின் அளவை உணரலாம். ரெக்கொலேட்டாவிலோ, 1822 இல் திறந்த மயானத்தில் ஜனாதிபதிகளும் தளபதிகளும் நிலவுடைமையாளரும் சிறு கோயில்கள் போன்ற கல்லறைகளில் வீதி வீதியாகத் துயில்கின்றனர். 1952 இல் இறந்து, பல நாடுகளில் அலைக்கழிக்கப்பட்ட ஏவா பெரோனின் உடலும் 1976 இல் அங்கேயே வந்து சேர்ந்தது. ஏழைகளின் தலைவியெனப் போற்றப்பட்டவள் செல்வந்தரின் மயானத்தில் துயில்வதைக் காணவே பிரயாணிகளிற் பெரும்பாலோர் அங்கு செல்கின்றனர்.

செல்வந்தர் விட்டுச்சென்ற தென்பகுதி வெறுமையாகக் கிடக்கவில்லை. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்திறங்கிய மக்கள் அதனை நிரப்பினர். ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டது. ஓர் அறையில் ஒரு குடும்பம். எல்லோருக்கும் ஒரே முற்றம், ஒரே தண்ணீர்க் குழாய். இவ்வீடுகள் 'சிறு மடம்' எனப் பொருள்படும் கொன்வென்டியோ என்னும் பெயர் பெற்றன. 1914 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நகரில் வாழ்ந்த 15 இலட்சத்துக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிறநாட்டிற் பிறந்தவர்கள். வாடகை உயர உயர அவர்கள் பொறுமை இழந்தனர். 1907 இல் வாடகையை முப்பது வீதம் குறைக்கும்படி கோரி, வாடகை செலுத்த மறுத்தனர். வீட்டுச் சொந்தக்காரரைப் பெருக்கித் தள்ளுவோம் எனப் பெண்களும் சிறுவரும் துடைப்பம் ஏந்தி வீதிகளில் ஊர்வலம் வந்தனர். பொலிசார் குளிர்நீரைப் பீய்ச்சி அவர்களை வெளியேற்றினர். அப்போராட்டம் பெரும்பாலும் தோல்வியுற்றது. எனினும் துடைப்ப வேலைநிறுத்தம் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. இன்று சான் டெல்மோவின் தொர்ரெகோச் சதுக்கத்தில் 1970 முதல் ஞாயிறுதோறும் பழம்பொருட் சந்தை கூடுகின்றது. அதைச் சூழ்ந்த பழைய வீடுகள் இடிபடாது தப்பியமைக்கு, அவற்றை இடித்துப் புதியன கட்டும் அளவுக்குப் பணமுடையோர் நெடுங்காலம் அங்கு வாழாமையும் ஒரு காரணமாகும்.

சான் டெல்மோவுக்கும் தெற்கே, ரியாச்சுவேலோவின் முகத்துவாரத்தில் உள்ளது லா போக்கா. ஜெனோவாவிலிருந்து வந்த மாலுமிகளும் துறைமுகத் தொழிலாளரும் பலகையாலும் தகரத்தாலும் வீடுகட்டி அங்கு வாழ்ந்தனர். கப்பலுக்குப் பூசி எஞ்சிய வண்ணத்தை வீட்டுக்குப் பூசினர் என்பர். ஒரு நிறம் போதாமையினால் ஒரே வீடு பல நிறம் பெற்றது. 1890 இல் அநாதைக் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டு, இளமையில் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்த கின்கேலா மார்ட்டீன் என்பவர், பிற்காலத்தில் அத்துறைமுக வாழ்வைத் தீட்டிப் புகழ்பெற்ற ஓவியரானார். ஈட்டிய பணத்தைக்கொண்டு தம் பேட்டைக்குப் பாடசாலையும் காட்சிசாலையும் பிறவும் அமையச் செய்தார். கைவிடப்பட்ட புகையிரதக் கிளைப்பாதையொன்றை வண்ணந்தீட்டி, 1959 இல் கமினீத்தோ என்னும் பெயரால் திறந்தவெளிக் கலைவீதியாக ஆக்கியவரும் அவரே. இன்று இந்நகரின் அடையாளமாக உலகெங்கும் அச்சிடப்படும் படம் அவ்வீதியினதே. ஆயினும், அவ்வீதிக்கு அப்பால் உள்ள தகர வீடுகளிற் பல இன்றும் ஏழைகளின் இருப்பிடங்களே என்பதைப் படங்கள் காட்டுவதில்லை.

கொள்ளைநோய் அச்சத்தையும் பிரிவையும் மட்டும் விட்டுச்செல்லவில்லை. நகரம் மூச்சுவிடப் பெருவெளி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1852 இல் பதவியிழந்த சர்வாதிகாரி ரோசாஸின் பலேர்மோப் பண்ணைநிலத்தில், 1875 இல் 'பெப்ரவரி மூன்று' என்னும் பூங்கா திறக்கப்பட்டது. ரோசாஸ் தோற்ற நாளே அப்பெயரிற் குறிக்கப்படுகின்றது. அப்பூங்காவை முன்னின்று அமைத்தவர், நோய்க்காலத்தில் நகரைவிட்டு நீங்கிய அதே சார்மியெந்தோ. ரோசாஸின் மாளிகை 1899 இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்விடத்தில் இப்பொழுது நிற்பது பிரெஞ்சுச் சிற்பி ரொடான் வடித்த சார்மியெந்தோவின் சிலை.

நோய்க்காலத்தின் பின் நகரம் எழுப்பிய கட்டடங்களில் விந்தையானது நீர்மாளிகை. ஆங்கிலப் பொறியியலாளர் பேட்மனின் திட்டப்படி 1874 இல் குழாய்நீர், வடிகால் வேலைகள் தொடங்கின. அவற்றின் தொடர்ச்சியாக, கோர்தோபா வீதியில் ஒரு முழுத் தெருக்கட்டை அடைத்து 1894 இல் இம்மாளிகை திறக்கப்பட்டது. வெளியே அரண்மனை போன்று, இங்கிலாந்திலிருந்து எண்ணிட்டு அனுப்பப்பட்ட ஏறத்தாழ மூன்று இலட்சம் மெருகோடுகளும் செங்கற்களும் ஒளிர்கின்றன. உள்ளே இருந்தவையோ அரசரின் அறைகளல்ல, 7 கோடி லீற்றருக்கு மேற்பட்ட நீரைத் தாங்கிய பன்னிரண்டு இரும்புத் தொட்டிகள். அத்தொட்டிகள் இப்பொழுது பயன்பாட்டில் இல்லை. மாளிகையில் சுகாதார வரலாற்றுக் காட்சிசாலை ஒன்று இருக்கின்றது.

மஞ்சட் காய்ச்சலைப் பரப்புவது நுளம்பு என 1881 இல் கியூபா நாட்டு வைத்தியர் பின்லே கூறினார். 1900 இல் அஃது உறுதியாயிற்று. தேங்கிய தெளிநீரிற் பெருகி, இன்று டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பே அது. குளிர்காலம் வந்து நுளம்பு குறைந்தமையாலேயே 1871 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நோய் ஓய்ந்தது. மக்கள் அஞ்சியோடிய காற்று குற்றமற்றதாகவே இருந்தது. காரணத்தை அறியாத நிலையிலும் அவர்கள் அமைத்த குழாய்நீரும் வடிகாலும் பூங்காவும் பின்வந்த தலைமுறைகளைப் பல நோய்களிலிருந்து காத்தன. அதே அறியாமையில் விளைந்த வடக்கு, தெற்கு என்னும் பிரிவோ இன்றும் நீங்கவில்லை.

அமெகினோப் பூங்காவின் மரங்களிடையே ஒரு நினைவுச் சின்னம் நிற்கின்றது. நோயாளரை விட்டகலாது தம் உயிரை நீத்த வைத்தியர், குருமார் முதலியோரின் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. கமினீத்தோவுக்கும் ரெக்கொலேட்டாவுக்கும் செல்லும் பிரயாணிகளுள் அங்கு செல்வோர் மிகச் சிலரே. அவ்விரு இடங்களின் தோற்றத்துக்கும் காரணமான ஆண்டு எழுதப்பட்டிருப்பது அக்கல்லிலேதான்.