அலைந்து திரிந்த நாய்

புத்தளம் கரைத்தீவில் (அம்பாறைக் கரைத்தீவு வேறு) கரையேறும் தோணிகளைத் துரத்தியோடும் நாய்களைக் கண்டால் எனக்கு 'ரிப்' நினைவுக்கு வரும். 1940இல் இலண்டன் பொப்லர் பகுதியில், குண்டுவீச்சுக்குப் பின் அநாதையாய் அலைந்த கலப்பின நாய் அது. வான்தாக்குதல் காவலர் ஒருவர் உணவிட்டார். அது அவரை விட்டகலவில்லை. எவரும் பயிற்றாமலே இடிபாடுகளில் மனிதரை மோப்பம் பிடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோரைக் கண்டறிந்ததாகக் கூறுவர். 1945இல் டிக்கின் பதக்கம் பெற்றது.

அடங்காத துருதுருப்பு வீட்டாருக்குத் தொல்லை. மீட்புப் பயிற்சியாளர் தேடுவதோ அதைத்தான். மனித வாடையறிந்து குரைத்தால் பந்து கிடைக்கும் என்பதே நாய் கற்கும் பாடம். 2023 பெப்ரவரியில் துருக்கியின் நூர்தாகியில், இந்தியாவின் ஜூலி ஆறு வயதுச் சிறுமியை இடிபாட்டுள் கண்டுபிடித்தது, ரோமியோ உறுதிசெய்தது. 2025 நவம்பரில் 'டித்வா' புயல் இலங்கையைச் சிதைத்தபோது, இந்திய மீட்புப் படையுடன் நாய்களும் வந்திறங்கின. மண்சரிவில் அவற்றின் வேலை இன்னும் கடினம்: ஈரமண் வாடையை அடைத்துவிடும்.