பூமியை அளந்த கதை – 14: குடை விரியுமா?

பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே 1802-ல் நில அளவையாளர் லாம்டன் எஃகுச் சங்கிலி போட்டு ஏழரை மைல் அளந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். வெயிலில் சங்கிலி நீளுமே என்று கவலைப்பட்ட மனிதர், காலடி மண் இறங்குமே என்று கவலைப்படவில்லை. அன்று அதற்கு அவசியமும் இல்லை. பூந்தமல்லிப் பக்கம் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்த காலம்.

இன்று ஆவடியில் போர் போடும் லாரி வந்தால் தெருவே அடைபடுகிறது. துளையிலிருந்து சாம்பல் நிறச் சேற்றுக் குழம்பு வழிந்து வாசல் வரை வருகிறது. களிமண் உள்ள இடங்களில் நீரை உறிஞ்ச உறிஞ்ச அடிமண் இறுகும், மேலே இருக்கும் வீடும் கூடவே இறங்கும். எவ்வளவு என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. சுமார் 700 கி.மீ. உயரத்தில் போகும் செயற்கைக்கோளுக்குத் தெரியும்.

அது நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கிறது. 12 நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடியும் பதிவு செய்கிறது. நிலம் மில்லிமீட்டர் கணக்கில் இறங்கியிருந்தாலும் இரண்டு அலைகளும் ஒத்துப்போகாது. மேகமோ இருட்டோ இதற்குத் தடையில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1 எடுத்த 2015–2023 பதிவுகளை இப்படி ஒப்பிட்ட ஆய்வொன்று 2025 அக்டோபரில் வெளியானது. சென்னை உள்பட ஐந்து பெருநகரங்களில் சுமார் 19 லட்சம் பேர், ஆண்டுக்கு 4 மி.மீ.க்கு மேல் இறங்கும் நிலத்தில் வசிக்கிறார்களாம். சென்னைப் பட்டியலில் வளசரவாக்கமும் உண்டு; பூந்தமல்லிக்காரர்கள் கோடம்பாக்கம் போகும் வழி!

ஆனால் சென்டினலின் அலைநீளம் ஐந்தரை செ.மீ.தான். கான்கிரீட்டில் பிரமாதம்; தோப்பு வந்தால் இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். 12 நாள் கழித்தும் இலை அதே இடத்திலா இருக்கும்? வீடும் வயலும் ஏரிக்கரையும் கலந்து கிடக்கும் செம்பரம்பாக்கம், திருநின்றவூர்ப் பக்கங்களில் இதுதான் வில்லங்கம்.

24 செ.மீ. அலை இலையைத் தாண்டித் தரையைத் தொடும். அந்த அலையை அனுப்பும் ரேடாரை நாசா செய்தது, அலைநீளம் குறைந்த இன்னொன்றை இஸ்ரோ செய்தது. இரண்டும் சேர்ந்து நிசார் செயற்கைக்கோள். இரண்டுக்கும் பொதுவாக 12 மீட்டர் அகல ஆன்டெனா. பொன்முலாம் பூசிய கம்பிவலை. ராக்கெட்டில் அடங்குவதற்காகக் குடைபோல மடித்தது. 2024-ல் வம்பு பண்ணியது இதுதான். மடித்த நிலையில் அளவுக்கு மீறிச் சூடேறலாம் என்று தெரியவந்ததும், பெங்களூரிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்ப் புதுப் பூச்சுடன் திரும்பியது. ஏவும் தேதி ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனது.

2025 ஜூலை 30, மாலை 5.40. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசாரைச் சுமந்துகொண்டு ஜி.எஸ்.எல்.வி. எஃப்-16 கிளம்பியது. அம்பத்தூர், ஆவடி மொட்டைமாடிகளுக்கு ராக்கெட் புதிதில்லை; புகைக்கோடு கலைந்ததும் காபி குடிக்கக் கீழே இறங்கிவிடுவார்கள். விஞ்ஞானிகளுக்குப் பதற்றம் அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

ஆகஸ்ட் 9 முதல், ஆன்டெனாவைத் தாங்கும் 9 மீட்டர் நீளக் கை மூட்டு மூட்டாக நீண்டது. ஆகஸ்ட் 15 அன்று, வலையை இறுக்கிப் பிடித்திருந்த வெடிபோல்ட்டுகளுக்குக் கட்டளை போனது. பாதியில் சிக்கினால் மேலே ஏறிப்போய்ச் சரிசெய்ய ஆளில்லை.

போல்ட்டுகள் வெடித்தன. மடிப்பு தானாக அவிழத் தொடங்கியது. இனி மோட்டார்கள் வடங்களை இழுத்து வலையைப் பூட்ட வேண்டும்...

(தொடரும்)