சாந்தப்படுத்தப்பட்ட மூளை

எங்க தீர்த்தமலைப் பக்கம் ‘கரண்டு வச்சாங்க’ன்னா பைத்தியத்துக்கு வைத்தியம் என்று பொருள். மூளை - இயந்திர இணைப்பின் வரலாற்றை, 1973இல் ழாக் விடால் அதற்குப் பெயரிட்டதிலிருந்து எழுதுகிறவர்கள் சென்னையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1960களில் தொடங்கி இங்கே பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா முதலியோர் ஹைபோதலாமஸில் மின்முனை செலுத்தி, நாடி எகிறுகிறதா, கண்மணி விரிகிறதா என்று பார்த்து, அந்த இடத்தை அழித்தார்கள். மூளையின் பதிலை உடம்பில் வாசித்தார்கள். 1975இல் கனகா மின்முனையை மூளைக்குள்ளேயே நெடுநாள் தங்கவும் வைத்தார்.

‘சாந்தப்படுத்தும் நரம்பறுவை’ என்பது அவர்களே இட்ட பெயர். (என்ன சாத்வீகம்!) ஓயாத, அடங்காத குழந்தைகளுக்கும் நடந்தது. அமிக்டலா அறுவையும் சேர்த்து 1988இல் ராமமூர்த்தி காட்டிய கணக்கு 603. பலனை அளந்த தரவரிசையைப் பாருங்கள்: மருந்தில்லாமல் பிறரோடு பழகுகிறாரா, அடங்கிவிட்டாரா, மருந்து கொடுத்தால் சமாளிக்க முடிகிறதா. யாரால் சமாளிக்க? வீட்டாரால், வார்டுக்காரர்களால்.