பவுல் விட்கென்ஸ்டைன்: இடக்கை இசையும் உரிமை வினாவும்

வியன்னாவில் 1887இல் பிறந்த பவுல் விட்கென்ஸ்டைன், மெய்யியலாளர் லுட்விக்கின் தமையனார். 1913இல் பியானோக் கலைஞராக அரங்கேறிய அவர், மறு ஆண்டே போர்முனையில் வலக்கையை இழந்து, உருசியரிடம் சிறைப்பட்டார். விடுதலைக்குப் பின் இடக்கையால் மட்டுமே வாசித்து மேடையேறினார். தமக்கெனப் புதிய ஆக்கங்களை இயற்றித் தருமாறு இசையமைப்பாளர்களைப் பொருள் கொடுத்து வேண்டினார்.

அவ்வாறு ராவெல் இயற்றிய கான்செர்ட்டோ 1932இல் வியன்னாவில் அரங்கேறியது. அதில் விட்கென்ஸ்டைன் செய்த மாற்றங்கள் ராவெலைச் சினமுறச் செய்தன. புரோகோஃபியெவ் 1931இல் எழுதியளித்ததை அவர் வாசிக்கவேயில்லை. ஹிண்டெமித் 1923இல் எழுதியது அவருடைய உடைமைகளுக்கிடையே முடங்கி, 2004இல்தான் முதன்முதலாக அரங்கில் ஒலித்தது.

எனவே, கையிழப்பை வென்றவர் என்று போற்றுவதோடு அவர் வரலாறு நிறைவுறாது. இடக்கை இசையை வளர்த்தவரும், அதன் ஒரு பகுதியைக் கேட்போருக்கு எட்டாமற் செய்தவரும் அவரே. பொருள் கொடுத்தவர்க்கு உரியது ஏடா, இசையா என்னும் வினாவை அவர் வாழ்வு எழுப்புகிறது.