மின்கலங்களைக் கோத்த கதை

மின்சாரக் கைவிளக்கில் கலங்களை இடும்போது, ஒன்றின் தலை மற்றொன்றின் அடியைத் தொடுமாறு இடுகிறோம். தலையோடு தலை முட்டும்படி இட்டுவிட்டால் விளக்கு எரிவதில்லை. இதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் கலங்களை ஏன் இப்படிக் கோக்க வேண்டும், வேறு விதமாகக் கோத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் செம்மையான விடை காண அறிஞர் உலகுக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிடித்தன. அந்த விடை கிடைக்கும் வரையில், மின்சாரத்தால் தந்தி அனுப்புவது நடவாத காரியம் என்றே கற்றோர் சிலர் தீர்ப்பளித்திருந்தனர். அந்தக் கதையைத்தான் மாணவ நண்பர்களுக்கு இன்று சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் ஓர் உவமை. பள்ளத்துக் குளத்திலிருந்து மேட்டு வயலுக்கு இறைகூடையால் நீர் இறைப்பதை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். மேடு உயரமாக இருந்தால், கீழே இருவர் இறைத்து ஊற்றும் நீரை நடுமடையில் நிற்கும் இருவர் மறுபடியும் மேலே இறைப்பார்கள். இதனால் நீர் ஏறும் உயரம் கூடும்; நீரின் அளவு கூடாது. மேடு தாழ்ந்திருந்து, நிறைய நீர் வேண்டுமானால், இரண்டு கூடைகளும் ஒரே கரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று இறைக்கும். இங்கே உயரம் அதேதான், அளவு இரட்டிக்கும். மின்கலங்களும் இவ்வாறே. ஒன்றின் செம்பை அடுத்ததன் துத்தநாகத்தோடு கோத்துக்கொண்டே போனால் அது தொடர் இணைப்பு; மின்னழுத்தம் ஏறும். செம்புகளையெல்லாம் ஒன்றாகவும் துத்தநாகங்களையெல்லாம் ஒன்றாகவும் சேர்த்தால் அது பக்க இணைப்பு. அழுத்தம் ஏறாது, பெருக்கெடுத்து ஓடக்கூடிய மின்சாரத்தின் அளவு ஏறும்.

இத்தாலிய அறிஞர் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா, 1800-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி கோமோ நகரிலிருந்து லண்டன் ராயல் சொஸைட்டித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்பு நீரில் நனைத்த அட்டை. மீண்டும் வெள்ளி, துத்தநாகம், அட்டை என்று தூண்போல் அடுக்கி, அடியிலும் முடியிலும் ஈரக் கையால் தொட்டால் உடல் அதிர்கிறது என்று அதில் தெரிவித்தார். தகடுகளின் எண்ணிக்கை கூடக்கூட அதிர்ச்சியும் கூடியது. ஆகவே உலகின் முதல் மின்னடுக்கே தொடர் இணைப்பாகத்தான் பிறந்தது. 'பாட்டரி' என்ற பெயர் அதற்கும் மூத்தது. பீரங்கி வரிசையைக் குறிக்கும் அச்சொல்லை, பல கண்ணாடித் தகடுகளைச் சேர்த்து அமைத்த மின்தேக்கிக்கு 1749-இலேயே பெஞ்சமின் பிராங்க்ளின் சூட்டியிருந்தார். ஒரு பீரங்கி பாட்டரி ஆகாதல்லவா? ஒற்றைக் கலத்தையும் பாட்டரி என்று நாம் அழைப்பது வழக்கால் வந்த சலுகை.

வோல்ட்டாவின் கடிதம் வெளியானதும் எண்ணிக்கைப் போட்டி ஒன்று தொடங்கிற்று. 1802-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் வசிலி பெத்ரோவ் 2,100 இணைத் தகடுகளை அடுக்கினார். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவி 1807-இல் மின்னடுக்கின் துணையால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். பின்னர் 2,000 இணைகள் கொண்ட பேரடுக்கைக் கொண்டு, கரித்துண்டுகளுக்கு இடையே கண் கூசும் ஒளிவில்லைத் தோற்றுவித்தார். மேலும் மேலும் அடுக்குவதே மேலும் மேலும் வலிமை என்ற எண்ணம் பரவியதில் வியப்பில்லை.

இந்த எண்ணத்தை நிதானமாகச் சோதித்தவர் ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் என்ற ஆங்கிலேயர். அவர் செய்தது பெயருக்கேற்ற பிள்ளை விளையாட்டு அன்று. 4 அடி உயரமும் 2 அடி அகலமும் உள்ள தகடுகளால் 20 இணைகள் கொண்ட ஓர் அடுக்கையும், 2 அங்குலச் சதுரத் தகடுகளால் 200 இணைகள் கொண்ட மற்றோர் அடுக்கையும் அமைத்து, இரண்டையும் ஒப்பிட்டு 1809-இல் கட்டுரை வெளியிட்டார். பெருந்தகட்டு அடுக்கு, எளிதில் உருகாத பிளாட்டினக் கம்பியையும் உருக்கியது. ஆனால் அதைத் தொட்ட கைக்கு அதிர்ச்சி தெரியவில்லை என்றே சொல்லலாம். சிறுதகட்டு அடுக்கில் அதிர்ச்சி இருந்தது; கம்பியை உருக்கும் ஆற்றல் இல்லை. எண்ணிக்கை தருவது ஒன்று, பரப்பு தருவது வேறொன்று என்பது இதனால் விளங்கிற்று. பெரிய தகடு என்பது பல சிறு தகடுகளைப் பக்க இணைப்பில் சேர்த்ததற்கு ஒப்பாகும். பிலடெல்பியாவில் ராபர்ட் ஹேர் 1819-இல் அதையே நேராகச் செய்தார்: 20 செம்புத் தகடுகளை ஒன்றாகவும் 20 துத்தநாகத் தகடுகளை ஒன்றாகவும் பிணைத்து ஒரே இணையாக்கினார். அதனிடம் வெப்பம் மிகுதி, அதிர்ச்சி இல்லை.

இரண்டும் வேறு என்பது தெரிந்துவிட்டது. எதற்கு எது வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. இந்த இடைவெளியில்தான் ஒரு பெரிய நம்பிக்கை கவிழ்ந்தது. மின்சாரம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-இல் டென்மார்க் நாட்டு எர்ஸ்டெட் கண்டவுடன், கம்பி வழியே தொலைவிலுள்ள ஊசியைத் திருப்பிச் செய்தி சொல்லலாமே என்ற ஆசை பலருக்குப் பிறந்தது. ஊல்விச் ராணுவக் கல்லூரிக் கணித ஆசிரியர் பீட்டர் பார்லோ 1825-இல் சோதித்துப் பார்த்தார். வெறும் 200 அடிக் கம்பியிலேயே மின்சாரத்தின் வலிமை வெகுவாகக் குன்றியது. இத்திட்டம் நடைமுறைக்கு ஆகாது என்று அவர் முடிவு கட்டினார். அவர் கண்ட அளவு பொய்யன்று. ஆகவேதான் அவருடைய சொல்லை மறுக்க எளிதில் எவரும் முன்வரவில்லை.

மறுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரப் பள்ளியில் கணக்கும் இயற்கை நூலும் கற்பித்துவந்த ஜோசப் ஹென்றி, பெரும்பாலும் கோடை விடுமுறையில் கிடைக்கும் ஒரு மாத ஓய்வைக் கொண்டே தம் ஆராய்ச்சிகளைச் செய்தார். 1831-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. விஞ்ஞான வரலாற்றில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு கூர்மையும் சேர்ந்த சோதனைகள் அரிது என்பது என் துணிபு.

லாட வடிவான ஒரு சிறு இரும்பில் சில அடிக் கம்பி சுற்றி, அதை மின்காந்தமாக்கினார். 4 அங்குலத்துக்கு 7 அங்குலம் அளவுள்ள ஒரே ஓர் இணைத் தகட்டை நேராகச் சேர்த்தபோது அது 4½ ராத்தல் எடையைத் தூக்கியது. இடையே 1,060 அடிக் கம்பியைப் புகுத்தியதும் அதன் வலிமை பறந்துவிட்டது; ஓர் அவுன்ஸ் தூக்குவதும் அரிதாயிற்று. பார்லோ கண்டதும் இதைத்தான். ஹென்றி அங்கே நிற்கவில்லை. 25 சிறு இணைகள் தொடராகக் கோக்கப்பட்ட ஒரு தொட்டியை எடுத்தார். அதிலுள்ள துத்தநாகத்தின் மொத்தப் பரப்பு, முன்னைய ஒற்றை இணையின் பரப்புக்குச் சரியாகச் சமமாக இருந்தது. அதே 1,060 அடிக் கம்பியின் வழியே இதைச் சேர்த்தார். காந்தம் 8 அவுன்ஸ் தூக்கியது. நீண்ட கம்பியை அகற்றிவிட்டு நேராகச் சேர்த்தபோது தூக்கியதோ 7 அவுன்ஸ்தான்!

துத்தநாகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோத்த விதம் ஒன்றே மாறியது. அருகில் பலசாலியாக இருந்த ஒற்றை இணை தொலைவில் நலிந்தது. அருகில் நலிந்திருந்த தொடரடுக்கோ தொலைவைப் பொருட்படுத்தவே இல்லை. இந்த உண்மை பார்லோவின் தந்தித் திட்டத்துக்கு நேராகப் பொருந்தும் என்பதையும் ஹென்றி அக்கட்டுரையிலேயே எடுத்துக்காட்டினார். பிறகு, ஒரு மைலுக்கு மேற்பட்ட கம்பியைப் பள்ளியின் பெரிய அறையைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, அதன் கோடியில் ஒரு மணியை ஒலிக்கச் செய்து மாணவர்களுக்குக் காட்டினார்.

இதற்குரிய கணக்கு 1827-இலேயே ஜெர்மனியில் அச்சாகியிருந்தது. ஜியார்க் ஓம் எழுதிய அந்நூலைச் சொந்த நாட்டார் பெரிதும் மதிக்கவில்லை. ஹென்றிக்கோ அது அப்போது தெரியாது. 1841-இல் ராயல் சொஸைட்டி காப்ளி பதக்கம் அளித்த பின்னரே ஓமின் பெயர் நிலைபெற்றது. மின்சாரத்துக்கு வெளிக்கம்பி மட்டுமன்றிக் கலத்தின் உட்புறமும் தடை செய்கிறது என்பதே அக்கணக்கின் உயிர். 1.5 வோல்ட் அழுத்தமும் 1 ஓம் உள்தடையும் உள்ள 10 கலங்கள் நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். வெளியே 100 ஓம் தடையுள்ள நீண்ட கம்பி இருந்தால், ஒரு கலம் ஏறக்குறைய 0.015 ஆம்பியர் செலுத்தும். பத்தையும் பக்க இணைப்பில் சேர்த்தாலும் அதே 0.015-தான். தொடராகக் கோத்தாலோ 0.136 ஆம்பியர். கம்பியைக் குட்டையும் தடிப்புமாக்கி, தடையை 0.1 ஓமாகக் குறைத்துப் பாருங்கள். ஒரு கலம் 1.36 ஆம்பியர் தருகிறது. பத்தைத் தொடராகக் கோத்தால் 1.49, பாடுபட்டுக் கோத்ததெல்லாம் வீண்! பக்க இணைப்பிலோ 7.5 ஆம்பியர். காகிதமும் பென்சிலும் எடுத்து இந்த எண்களை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சில்ட்ரனும் பார்லோவும் ஹென்றியும் கண்டவை அத்தனையும் அதில் அடங்கியிருப்பது புலப்படும். மின்சாரக் கார்களிலும் கலங்களைப் பக்க இணைப்பில் குழுக்களாக்கி, அக்குழுக்களைத் தொடராகக் கோப்பது உண்டு.

சாமுவேல் மோர்ஸ் ஓர் ஓவியர். 1830-களின் நடுவில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தம் தந்திக் கருவியோடு அவர் போராடிக்கொண்டிருந்தபோது, அவரிடம் இருந்தது ஒரே கலம். அதனால் செய்தி அறையைத் தாண்டவில்லை. அங்கே ரசாயனம் கற்பித்த லெனார்டு கேல், ஹென்றியின் கட்டுரையைப் படித்தவர். ஒரு கலத்துக்குப் பதில் பல கலங்களைத் தொடராகக் கோக்கவும், காந்தத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றவும் அவர் யோசனை சொன்னார். நூற்றுக்கணக்கான அடிகள், பிறகு 10 மைல் என்று செய்தி நீண்டது. 1844 மே 24-இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி பேசியது. இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று மோர்ஸும் ஹென்றியும் பின்னாளில் கசப்புடன் வாதிட்டது வேறு கதை. நம் நாட்டில் 2013 ஜூலையில் தந்திப் பணி ஓய்வு பெற்றதால், உங்களில் பலர் தந்தியைக் கண்டிருக்கவே மாட்டீர்கள்.

தொடராகக் கோப்பதே தொலைவுக்கு மருந்து என்றால், அட்லாண்டிக் கடலுக்கு எத்தனை கலங்கள் வேண்டும்? 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே ஏறத்தாழ 2,000 மைல் நீளக் கடலடிக் கம்பி போடப்பட்டது. அதன் மின்சாரப் பொறுப்பாளரான ஒயில்ட்மன் ஒயிட்ஹவுஸ் தொழிலால் மருத்துவர்; அழுத்தம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு நல்லது என்று நம்பியவர். ஏறத்தாழ 2,000 வோல்ட் எழுப்பும் தூண்டுசுருள்களை அவர் கம்பியில் பூட்டினார். விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து கடலைக் கடக்க 16 மணி நேரம் ஆயிற்று. சில வாரங்களில் கம்பியின் காப்பு பழுதாகி அது ஊமையாயிற்று. கம்பியின் தயாரிப்பிலும் குறைகள் இருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் ஒயிட்ஹவுஸுக்கு அநீதி செய்தவனாவேன். ஆயினும் மிகை அழுத்தம் அதன் முடிவை விரைவுபடுத்தியது. நுண்ணிய மின்சாரத்தையும் உணரும் கருவி வேண்டும், முரட்டு அழுத்தம் வேண்டியதில்லை என்று வாதிட்ட வில்லியம் தாம்ஸன், கண்ணாடித் துணுக்கின் ஒளிப்பொட்டு அசைவைக் கொண்டு மின்சாரத்தை அளக்கும் கருவியை அதற்குள் செய்துவைத்திருந்தார்.

1866-இல் இரண்டு கம்பிகள் அதே கடலடியில் வெற்றியுடன் அமைந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர் அயர்லாந்துக் கரையிலுள்ள வாலென்ஷியா நிலையத்தில் இருந்தார். நியூபவுண்ட்லாந்தில் இரு கம்பிகளின் முனைகளையும் ஒன்றாகப் பிணைக்கச் சொன்னார். இப்போது மின்சாரம் கடலைக் கடந்துபோய், மறுபடியும் கடந்து திரும்ப வேண்டும். ஒரு பெண்மணியின் வெள்ளித் தையல் விரலுறையை இரவல் வாங்கி, அதில் சிறிது அமிலம் ஊற்றி, ஒரு துணுக்குத் துத்தநாகத்தை இட்டார். அவ்வளவே அவருடைய மின்னடுக்கு: ஒரே கலம். விசையை அவர் அழுத்தியதும், 3,700 மைல் சுற்றி வந்த மின்சாரத்தால் தாம்ஸனின் கருவியில் ஒளிப்பொட்டு அளவுகோலின் மேல் மெல்ல நகர்ந்தது.